சந்தைக்குப் போனவர்

"எங்க தாத்தா சந்தைக்குப் போனவருதான்டா. இன்னும் வரல."

என் பாட்டி இந்த வரியைச் சொல்லும்போது சிரிப்பார். கேட்கிற நாங்களும் சிரிப்போம். வீட்டில் யாராவது கடைக்குப் போய் லேட்டாக வந்தால், "என்னடா, தாத்தா மாதிரி போயிட்டியோன்னு பார்த்தேன்" என்பது எங்கள் குடும்ப ஜோக். சின்ன வயதில் அது ஜோக் மட்டும்தான். அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள், மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது என்பதெல்லாம் மண்டையில் ஏற எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

குடும்பத்துக்குத் தெரிந்த கதை ரொம்பச் சின்னது. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு கிராமம். தாது வருஷப் பஞ்சம். அதற்கு அடுத்த வருஷம் வீட்டில் மிச்சமிருந்த ஒரே மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். மாடும் வரவில்லை, காசும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவ்வளவுதான்.

அவர் மனைவியை, அதாவது பாட்டியின் பாட்டியை, வீட்டில் 'பெரிய ஆயா' என்பார்கள். என் பாட்டிக்கு எட்டு வயதாக இருக்கும்போதுதான் செத்துப்போனார். கடைசி நாள் வரை நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலிக்கயிறு. கயிறு நைந்தால் புதுசு மாற்றிக்கொள்வாராம். ஊரில் சில பேர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். "பொணத்தைக் காட்டு, அழிக்கிறேன்" என்பது பெரிய ஆயாவின் பதில். 1872ல் வந்த இந்திய சாட்சியச் சட்டப்படி, ஓர் ஆளைப் பற்றி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. சட்டத்துக்கு ஏழு வருடம் போதும். பெரிய ஆயாவுக்கு ஐம்பத்தைந்து வருடம் போதவில்லை.

நான் அவரைத் தேடவே இல்லை என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஊரார் தாத்தாக்களைப் பற்றியெல்லாம் எழுதிப் பிழைக்கிற ஆள் நான். சொந்தத் தாத்தா ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்தியவர்கள் டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பம்.

நண்பர் ஒருவர் மூலமாக வந்தார்கள். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் பெண். மூன்று பேருக்கும் தமிழில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் 'மாரியம்மன்' என்றால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரே ஒரு ஜெராக்ஸ் காகிதம். அதில் ஒரு வரிசை எண், ஒரு பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். "எங்கள் முப்பாட்டன். இந்த ஊருக்குப் போக வேண்டும்" என்றார்கள்.

நான் பி.காம். படித்தவன். காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, 'அட, இது ஸ்டாக் ரெஜிஸ்டர் ஆச்சே!' குடோனுக்குள் வருகிற சரக்குக்கு எண், ரகம், அளவு, எங்கிருந்து வந்தது, சேதாரம் ஏதாவது உண்டா என்று போடுவோமே, அதேதான். என்ன, இங்கே சரக்கு மனுஷன்.

இந்த ரெஜிஸ்டர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டுமானால், சர்க்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

1834ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. அதே வருடமே மொரீஷியஸுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்குமதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட் என்று பட்டியல் நீண்டது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த நேட்டால் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது. அங்கே கரும்பு நன்றாக விளைந்தது. வெட்டத்தான் ஆளில்லை. சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த ஜூலு மக்களுக்கு, வெள்ளைக்காரன் தோட்டத்தில் போய் முதுகு ஒடிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் போனவர்கள் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை, இடையில் சில வருடங்கள் தவிர, கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 1,52,184 பேர். இதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்து ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். அன்றைய மதிப்பில் நம் ஊர்க் காசுக்கு ஐந்தாறு ரூபாய். வருடத்துக்கு ஒரு ஷில்லிங் இன்க்ரிமென்ட். தங்க இடம், அரிசி, பருப்பு, உப்பு இலவசம். காகிதத்தில் பார்த்தால் மோசமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கிற வழக்கம் அங்கே இருந்தது. காய்ச்சலில் படுத்தாலும் 'ஆப்சென்ட்' போடுகிற முதலாளிகள் இருந்தார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்தில் இந்த விதி இருக்கிறது என்று தெரியவில்லை, நான் படித்ததில் இல்லை. 1871ல் ஒப்பந்தம் முடிந்து முதன்முதலாகத் திரும்பி வந்தவர்கள் இங்கே அதிகாரிகளிடம் அடியையும் வராத சம்பளப் பாக்கியையும் சொல்லிப் புலம்பியதால்தான் அடுத்த வருடம் ஒரு விசாரணை கமிஷனே போட்டார்கள். அது முடிந்து, கொஞ்சம் பெயிண்ட் அடித்து, 1874ல் மறுபடி கப்பல் விட்டார்கள். எண்ணிப் பாருங்கள். அடுத்த இரண்டே வருடத்தில் இங்கே தாது வருஷப் பஞ்சம். ஆள் பிடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

இப்போது ரெஜிஸ்டருக்கு வருவோம். கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண். டர்பனில் 'புரொடெக்டர்' என்ற அதிகாரியின் அலுவலகம் இதைப் பராமரித்தது. புரொடெக்டர் என்றால் பாதுகாவலர். யாரை யாரிடமிருந்து பாதுகாத்தார் என்பதை விட்டுவிடுவோம். அந்த எண் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். கல்யாணம் ஆனாலும், புகார் கொடுத்தாலும், ஓடிப்போனாலும், செத்தாலும் அந்த எண்ணில்தான் எழுதுவார்கள். பிற்காலத்தில் ஜாய் பிரெய்ன் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கப்பல் பட்டியல்களை வரி வரியாகப் பெயர்த்து எழுதி, தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்படி செய்தார்கள். புண்ணியவான்கள்.

அந்த டர்பன் பெண்ணின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இவளுடைய முப்பாட்டனின் உயரம் இவளுக்குத் தெரிகிறது. வலது கன்னத்தில் மச்சம் இருந்தது தெரிகிறது. என் முப்பாட்டன்கள் பதினாறு பேரோ முப்பத்திரண்டு பேரோ இருந்திருப்பார்களே, அதில் ஒருத்தர் உயரம்கூட எனக்குத் தெரியாதே! ஊரிலேயே பிறந்து, அங்கேயே உழுது, அங்கேயே எரிந்து போனவர்களைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நிலம் இருந்தவர்களுக்காவது பட்டா இருக்கும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டை விட்டுத் தொலைந்து போனவன்தான் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறான். வீட்டிலேயே இருந்தவர்கள்தான் அடையாளமில்லாமல் தொலைந்து போயிருக்கிறார்கள்.

சந்தைக்குப் போனவர் அன்று ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வந்தார்.

ஒரு விஷயம். அப்படிக் காணாமல் போன எல்லாரும் இப்படி ஒரு ரெஜிஸ்டரில் சிக்கிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து நேட்டாலுக்குப் போனவர்களைவிட இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் பல மடங்கு. அங்கெல்லாம் பெரும்பாலும் கங்காணி ராஜ்ஜியம். கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், ஒரு கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு போவார். கணக்கு அவர் மடியில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தே போய் வழியில் விழுந்தவர்களுக்கு இப்படிப் பெயர், தழும்பு என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர்கள் இல்லை. என் எள்ளுத்தாத்தா கங்காணியிடம் சிக்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலியா, நான் அதிர்ஷ்டசாலியா தெரியவில்லை.

இந்த மாதிரித் தேடலில் உலகம் பூராவும் பேசப்பட்ட ஒருவர் கயூத்ரா பகதூர். கயானாவில் பிறந்த அமெரிக்கப் பத்திரிகையாளர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903ல் கல்கத்தாவில் கப்பலேறியவர். அவருடைய பாஸில் இருந்த தகவல்: வயது 27, நாலு மாத கர்ப்பம். துணைக்குப் புருஷன் இல்லை. குழந்தை கப்பலிலேயே பிறந்தது. அந்த ஒற்றைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பீகார் கிராமம் வரை போன கதையை, 2013ல் வந்த 'கூலி வுமன்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டி ஏன் தனியாகக் கிளம்பினாள்? விதவையா, விரட்டப்பட்டவளா, தானே ஓடியவளா? அந்தக் கேள்விக்குப் பாஸில் காலம் கிடையாது.

எனக்கும் அதே பிரச்னைதான். ஆனால் தலைகீழாக. அவர்களிடம் காகிதம் இருந்தது, ஊர் தெரியாது. என்னிடம் ஊர் இருந்தது, காகிதம் இல்லை.

தேட ஆரம்பித்த பிறகுதான் அதில் உள்ள கஷ்டம் புரிந்தது. முதலில் பெயர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், வம்பு வேண்டாம். முனுசாமி, பெருமாள், கோவிந்தன் மாதிரி ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொள்கிற பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே பெயர் ஏழெட்டு ஸ்பெல்லிங்கில் வரும். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலி 'மூட்லி' ஆனதும் இப்படித்தான்.

அடுத்தது ஊர். ட்ரிச்சினோபோலி, டாஞ்சூர் எல்லாம் சுலபம். சின்ன கிராமங்களின் பெயரை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடவே கூடாது. அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் திருப்பதியும் சேர்த்தி. 1911ல்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அதே வருடம் வரைக்கும் திருப்பத்தூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. சிவகங்கைப் பக்கம் வேறு ஒரு திருப்பத்தூர் இருக்கிறது, அது வேறு தலைவலி. இப்போது அந்தப் பழைய ஒரு ஜில்லாவுக்காக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு கலெக்டர் ஆபீஸ் சுற்ற வேண்டும். ஆந்திராவையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் மேலே.

நடுவில் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். ரயில் நிலையத்துக்கு எதிரே அந்தச் சிவப்புக் கட்டடம். நான் பார்த்த கட்டுகளில் விதிகள் இருந்தன, வருடாந்திர அறிக்கைகள் இருந்தன. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்ற விதியைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். என் ஆள் இல்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவர் எப்படிப் போயிருப்பார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

1877. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய அதிகாரி, நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்த வருடம். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான். தென்னிந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். ஜனங்கள் பட்டணத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856லேயே ரயில் விட்டாயிற்று. எலும்பும் தோலுமாக இருந்த மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கிடைத்திருக்கும்? விற்றாரோ, வழியிலேயே செத்ததோ. வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப மனசு வராமல் தண்டவாளத்தோரம் நின்ற ஒருத்தனிடம், "பட்டணத்துல டிப்போவுல தினம் சோறு போடறான்" என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். இது என் ஊகம்தான். ஆனால் டிப்போவில் சோறு போட்டது உண்மை.

சென்னையில் அப்போது துறைமுகம் கட்டி முடியவில்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டிப் போக மசூலாப் படகு. கடலையே பார்த்திராத ஆள் மசூலாப் படகில் தூக்கிப் போடப்பட்டுக் கப்பலுக்குப் போனதை நினைத்தால் எனக்கு இங்கே உட்கார்ந்த இடத்தில் வயிற்றைப் புரட்டுகிறது.

கடைசியில் கிடைத்தார். கிடைத்தார் என்றுதான் நம்புகிறேன்.

1878ல் போன ஒரு கப்பல். பெயர் சரி. அப்பா பெயர் சரி, ஒரு எழுத்து மட்டும் இடறுகிறது. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா சரி. கிராமத்தின் பெயர் பாதிதான் பொருந்துகிறது, மீதியைக் குமாஸ்தா விழுங்கிவிட்டார். வயது 24. உயரம் 5 அடி 3 அங்குலம். இடது முழங்காலில் தழும்பு.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'பேங்க் ரீகன்சிலியேஷன்' தெரிந்திருக்கும். நம் கேஷ் புக்கில் ஒரு தொகை இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் வேறு தொகை இருக்கும். இரண்டையும் வரி வரியாக டிக் அடித்து, வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடித்து ஒரு ஸ்டேட்மென்ட் போட வேண்டும். பாட்டி சொன்ன கதை என் கேஷ் புக். டர்பன் ரெஜிஸ்டர் பாஸ்புக். டிக் அடித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் ஓரளவு டேலி ஆயிற்று, ஒன்றே ஒன்றைத் தவிர.

ஜாதி. ரெஜிஸ்டரில் போட்டிருந்த ஜாதி எங்கள் ஜாதி இல்லை.

என் சித்தப்பாவிடம் சொன்னேன். அதுவரை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப அது நம்ம ஆள் இல்ல. விடு" என்றார். டிப்போவில் ஜாதியை மாற்றிச் சொன்னவர்கள் ஏராளம், குமாஸ்தாவே தோன்றியதைப் போட்டதும் உண்டு, அந்தக் காலத்தை நம்ப முடியாது என்றுதான் ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள் என்று விளக்கினேன். "வயசு நம்பலாம், தழும்பு நம்பலாம், ஜாதி மட்டும் நம்பக் கூடாதாக்கும்" என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் அவர் கேட்ட தொனி நியாயமாக இல்லை. அப்பா பெயரும் ஊரும் தப்பாக இருந்து ஜாதி மட்டும் சரியாக இருந்திருந்தால் சித்தப்பா ஒத்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அது கிடக்கட்டும். அந்த வரியின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு காலம். செத்துப்போனவர்களுக்கு அதில் தேதி இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காலியாக இருக்கும், அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். தங்கியவர்களின் பாடு தனிக் கதை. 1895ல் நேட்டால் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குப் போகாமல் இருந்தால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், முதல் வருடக் கூலியின் ஆறு மாதச் சம்பளம்! காந்தியும் அங்கிருந்த தமிழர்களும் சிறைக்குப் போய்ப் போராடி அது 1914ல்தான் ஒழிந்தது.

என் ஆளின் குறிப்புக் காலம் காலியாக இல்லை. அதில் மூன்றே வார்த்தை. மெட்ராஸ் திரும்பினார், 1889.

நான் அதை நாலைந்து தடவை படித்தேன். பத்து வருடம் நேட்டாலில் இருந்தால் திரும்பி வர இலவச டிக்கெட் உண்டு. அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். பெரிய ஆயாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பையனுக்குப் பன்னிரண்டு வயது. சென்னையிலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் வரவில்லை?

திரும்பி வந்தவர்களுக்கு இங்கே யாரும் மாலை மரியாதையோடு காத்திருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்குகிற கூலியின் மடியில் பத்து வருடச் சேமிப்பு இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அதைக் கறக்க ஒரு கூட்டம் காத்திருந்தது. தப்பி ஊருக்குப் போனால், கடல் தாண்டியவனைச் சேர்த்துக்கொள்ள விருந்து வை, தண்டம் கட்டு என்பார்கள். பணம் தீர்ந்ததும் பந்தமும் தீர்ந்துவிடும். சிலர் அங்கேயே ஒரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பார்கள். வேறு ஜாதியில் கட்டியிருந்தால் எந்த மூஞ்சியோடு ஊருக்குப் போவது? பட்டணத்திலேயே ஒண்டிக்கொண்டவர்கள் உண்டு, கையிருப்புக் கரைந்ததும் மறுபடி டிப்போவுக்கே போய் இன்னொரு கப்பல் ஏறியவர்கள் உண்டு. இது 1889ன் கதை மட்டுமில்லை. 1931ல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும், தென்னாப்பிரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப்போய் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஊரும் ஒட்டாமல், வேலையும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதில் நிறைய. கல்கத்தாவில் மட்டியாபுருஜ் என்ற இடத்தில், பல காலனிகளிலிருந்தும் திரும்பியவர்கள் கூட்டமாகத் தங்கி, மறுபடி கப்பல் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பிறந்த மண்ணிலிருந்து தப்பித்துப் போக!

என் எள்ளுத்தாத்தா இதில் எந்த ரகம் என்று சொல்ல எந்தக் காகிதமும் இல்லை. கப்பலில் ஏறியது இருக்கிறது, இறங்கியது இருக்கிறது. மெட்ராஸ் கடற்கரை மணலில் கால் வைத்ததோடு கணக்கு நின்றுவிடுகிறது. மறுபடி அவர் நம்மில் ஒருத்தராகிவிட்டார், எழுதி வைக்க யாருக்கும் தேவையில்லாத ஓர் ஆளாக.

டர்பன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவர்கள் காகிதத்தில் இருந்த பெயரில் மூன்று கிராமங்கள் இருந்தன. இரண்டு நாள்தான் லீவு மிச்சம். ஏரி இருந்த கிராமத்துக்குப் போனார்கள். முப்பாட்டன் ஏரியைப் பற்றிப் பாடுவாராம். அந்தப் பெண் கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். எது சரியான ஊர் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும். பாட்டி போய்ப் பல வருடம் ஆயிற்று. மிச்சம் இருப்பது பெரிய அத்தை, எண்பது வயது. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 1889 வரை ஆடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு அத்தை."

"அங்கேர்ந்து நம்ம ஊரு எவ்வளவு தூரம்?"

"நூறு கிலோமீட்டர் சொச்சம்."

"அப்ப ரயிலு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, "பெரிய ஆயாவுக்குத் தெரியாம போனதே நல்லதாப் போச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சிருந்தா நடந்தே போய்க் கூட்டியாந்திருக்கும்" என்றும் சொன்னார். முதலில் சொன்னதா, பிறகு சொன்னதா, அவர் எதை நம்புகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன உயரம்னு சொன்ன?"

"அஞ்சடி மூணு அங்குலம்."

"உங்கப்பன் உயரம்தான்" என்றார். எழுந்து போய் வாசல் நிலையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். என் அப்பா தலை நிமிர்ந்து நின்றால் வருகிற இடம்.

"அவருதானான்னு நிச்சயமா சொல்ல முடியாது அத்தை. ஜாதிகூட வேற போட்டிருக்கு" என்றேன்.

"இடது முட்டியில தழும்பு இருக்குன்னு சொன்னியே. ஏர் ஓட்டுறவன் யாருக்குத்தான் தழும்பு இல்ல" என்றார். அது எனக்கு ஆதரவாகச் சொன்னதா, எதிராகச் சொன்னதா, அதுவும் புரியவில்லை.

மகாளய அமாவாசைக்கு எங்கள் வீட்டில் முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பது வழக்கம். சந்தைக்குப் போனவருக்கு மட்டும் இத்தனை தலைமுறையாக இலை கிடையாது. செத்தார் என்று ஒப்புக்கொண்டால்தானே படைக்க முடியும்? பெரிய ஆயா விடவில்லை. அவருக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்த முறை அத்தை ஓர் இலை கூடுதலாகப் போட்டிருந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். இலைகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.